வெயிலுக்கு வெட்டிய கல்

கோயிலை வலம் வரும்போது நம் கண் கோட்டத்துத் தெய்வங்களையும் தூண் சிற்பங்களையும் தேடிப் போகிறது. அவற்றுக்குக் கீழே, தரையிலிருந்து இடுப்பளவு உயரம் வரை, கல் வரிவரியாக ஓடுகிறது. நேராக ஒரு வரி, உருண்டையாக ஒரு வரி, உள்வாங்கிய ஒரு வரி, மறுபடியும் வெளியே நீண்ட ஒரு வரி. அங்கே உருவமும் இல்லை, புராணக் கதையும் இல்லை. அதனால் பெரும்பாலோர் நிற்காமல் கடந்துவிடுகிறோம். ஆனால் கோயிலில் மிகுந்த கணக்கோடு வெட்டப்பட்ட பகுதிகளில் அதுவும் ஒன்று. வெயில், மழை, கல்லின் கடினம், மனிதக் கண்ணின் இயல்பு ஆகிய நான்கையும் அறிந்தவர்கள் அதை வெட்டியிருக்கிறார்கள்.

இதைப் படித்தறியத் திருப்பதி வட்டாரம் மிகப் பொருத்தமான இடம். 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டம் ஆகும்வரை சித்தூர் மாவட்டத்தின் பகுதியாக இருந்த நிலம் இது. சோழர் கல்வெட்டுகளில் திருவேங்கடக் கோட்டம். பல்லவர் கால எழுத்தும் சோழர் கட்டடமும் விசயநகரக் கோபுரமும் ஒரே நாளில் பார்க்கக்கூடிய தூரத்தில் இருக்கின்றன.

அவற்றில் முதலில் பார்க்க வேண்டியது ஏர்ப்பேடு அருகிலுள்ள குடிமல்லம். அங்குள்ள பரசுராமேசுவரர் கோயிலின் மூலவர் இந்தியாவின் மிகப் பழைய சிவலிங்கங்களில் ஒன்றாக ஆய்வாளர்களால் மதிக்கப்படுகிறார். ஆனால் நாம் கவனிக்க வேண்டியது கருவறையின் பின்புறச் சுவர். அது நேராக முடியாமல் அரைவட்டமாகத் திரும்புகிறது. தூங்கானை மாடம் என்பது இவ்வகைக் கட்டடத்தின் பெயர். முன்பு செங்கல்லில் இருந்த கோயில் விக்கிரம சோழன் காலத்தில், 1126இல், கல்லால் புதுப்பிக்கப்பட்டது.

செங்கல்லை வளைத்து அடுக்குவது எளிது. சிறிய கற்களைச் சற்றே திருப்பி வைத்துக்கொண்டு போனால் வளைவு வந்துவிடும். கருங்கல்லில் அது நடக்காது. அடித்தளத்தின் வரிகள் சுவரோடு சேர்ந்து திரும்ப வேண்டும். ஆகவே பின்புறத்துக் கல் ஒவ்வொன்றுக்கும் இரண்டு வடிவங்கள் தேவைப்படுகின்றன: பக்கவாட்டில் பார்த்தால் வரியின் வடிவம், மேலிருந்து பார்த்தால் அரைவட்டத்தின் ஒரு துண்டு. இரண்டில் ஒன்று பிசகினாலும் அடுத்த கல்லோடு வரி சேராது. இத்தனை உழைப்பை இந்த வரிகள்மேல் ஏன் செலவிட்டார்கள்?

அடியிலிருந்து மேலே

சுவரைத் தாங்கும் இந்த அடித்தளத்தை அதிட்டானம் என்று சிற்ப நூல்கள் சொல்கின்றன. தமிழக வரலாற்று ஆய்வாளர்கள் தாங்குதளம் என்று எழுதுகிறார்கள். அதன் உறுப்புகளைக் கீழிருந்து மேலாகப் பார்ப்போம். தரையோடு ஒட்டிப் படுத்திருக்கும் அகன்ற கல் உபானம். அதன்மேல் உயரமாக, நேராக நிற்பது ஜகதி. அடுத்து வெளியே புடைத்து நிற்பது குமுதம்; உருண்டையாக இருந்தால் உருள்குமுதம், மூன்று பட்டைகளாகச் சீவியிருந்தால் முப்பட்டைக் குமுதம். அதற்கு மேல் சட்டென்று உள்ளே போகும் பகுதி கண்டம். கண்டத்தின் மேலும் கீழும் மெல்லிய கம்புகள் ஓடும். எல்லாவற்றுக்கும் மேலே வெளியே நீண்டு நிற்கும் தட்டையான வரி பட்டிகை. அதற்கு மேல்தான் சுவர்.

இந்த வரிசையில் அமைந்த தளம் பாதபந்தம். பட்டிகைக்குப் பதிலாக யாளிகளின் வரிசை வந்தால் அது பிரதிபந்தம். வளைந்து இறங்கும் கபோதம் வந்தால் கபோதபந்தம். ஜகதியைத் தாமரை இதழ்களாகச் செதுக்கும் வழக்கமும் உண்டு. தஞ்சைப் பெரிய கோயிலின் உருண்டு திரண்ட குமுதத்தையும் அதன்மேல் ஓடும் இராசராசனின் எழுத்துகளையும் பார்த்தவர்களுக்கு இந்த உறுப்புகள் புதியவை அல்ல.

மயமதம் என்னும் சிற்ப நூல் இத்தளங்களுக்கென்றே ஒரு தனி அத்தியாயம் ஒதுக்கியிருக்கிறது. பாதபந்தத்தின் உயரத்தை அது 24 பங்காக்குகிறது. ஜகதிக்கு 8, குமுதத்துக்கு 7, கம்புக்கு 1, கண்டத்துக்கு 3, மறுபடியும் கம்புக்கு 1, பட்டிகைக்கு 3, அதன்மேல் கம்புக்கு 1. கோலின் அளவு எதுவாக இருந்தாலும் இந்த விகிதம் நிற்கும். சிறிய சன்னதிக்கும் பெரிய விமானத்துக்கும் ஒரே கணக்கு போதும். வெவ்வேறு ஊர்களிலிருந்து வந்த தச்சர்கள் ஒரே கட்டடத்தில் வேலை செய்ய இது உதவியது.

பட்டிகையின் மட்டத்துக்கு இன்னொரு பொருளும் உண்டு. பெரும்பாலான கோயில்களில் கருவறையின் உள்தரை தாங்குதளத்தின் உச்சியை ஒட்டியே அமைகிறது. அபிடேக நீர் வெளியேறும் கோமுகை வடபுறத்தில் அந்த மட்டத்தை ஒட்டித்தான் வெளியே வரும். வெளியில் நிற்கும் நாம், உள்ளே தெய்வம் எந்த உயரத்தில் எழுந்தருளியிருக்கிறது என்பதை இந்த வரிகளைக் கொண்டே சொல்லிவிடலாம்.

நான்கே வடிவங்கள்

உலகின் பல பண்பாடுகள் கல்லில் இத்தகைய வரிகளை வெட்டியிருக்கின்றன. கிரேக்க, ரோமானியத் தூண்களின் அடியில் புடைத்த ஓர் உருளை உண்டு; அதன் பெயர் டோரஸ். உள்வாங்கிய குடைவு ஸ்கோஷியா. தட்டையான மெல்லிய வரி ஃபில்லெட். பாதி புடைத்துப் பாதி உள்வாங்கும் இரட்டை வளைவு சைமா. கிறித்துவுக்கு முற்பட்ட முதல் நூற்றாண்டில் எழுதிய ரோமானியக் கட்டடக்கலைஞர் விட்ருவியஸ் விவரிக்கும் அட்டிக் பீடம் டோரஸ், ஸ்கோஷியா, மறுபடியும் டோரஸ் என்று அடுக்கப்படுகிறது. குமுதமும் கண்டமும் மாறி மாறி வரும் நம் தளத்தோடு அதற்குள்ள ஒற்றுமை எவர் கண்ணிலும் படும்.

ஒற்றுமைக்குக் காரணம் வடிவியலில் இருக்கிறது. ஒரு கோடு நேராகப் போகலாம், வெளியே வளையலாம், உள்ளே வளையலாம், ஒரு வளைவிலிருந்து மற்றொன்றுக்கு மாறலாம். ஐந்தாவது வழி கிடையாது. கல்லை வெட்டும் எவரும் இந்த நான்கில்தான் வேலை செய்ய முடியும். வேறுபாடு வருவது எந்த வளைவை எடுத்தார்கள், எந்த வரிசையில் வைத்தார்கள் என்பதில். ரோமானியர் கவராயத்தால் வரைந்த வட்டத் துண்டுகளை விரும்பினார்கள். கிரேக்கரின் வளைவுகள் நீள்வட்டம், பரவளையம் போன்ற மெல்ல மாறும் கோடுகளுக்கு நெருங்கியவை. நம் நாட்டுத் தச்சர்கள் எண்கோணத்திலிருந்து தொடங்கினார்கள். அந்தக் கணக்கு பின்னால் வருகிறது.

இரண்டு மரபுகளையும் அருகருகே வைத்து முதலில் விரிவாக ஆராய்ந்தவர், தஞ்சாவூரில் பிறந்து பெங்களூரில் நீதித்துறைப் பணியில் இருந்த ராம் ராஸ். சிற்ப நூல்களின் சுவடிகளைத் தேடி, பொருள் விளங்காத இடங்களில் தொழில் தெரிந்த சிற்பியிடம் கேட்டு, உறுப்புகளை அளவோடு வரையச் செய்தார். அவர் இறந்தபின், 1834இல், லண்டனில் ராயல் ஏசியாடிக் சொசைட்டி அந்த நூலை வெளியிட்டது. 1914இல் புதுச்சேரி அறிஞர் ஜுவோ துப்ரேய் இன்னோர் அடி முன்னே சென்றார். தூணின் போதிகை, கபோதத்தின் கூடு முதலிய உறுப்புகள் காலந்தோறும் எப்படி மாறின என்று வரிசைப்படுத்தினார். கல்வெட்டு இல்லாத கோயிலின் காலத்தையும் அதன் உறுப்புகளின் வடிவத்தைக் கொண்டு மதிப்பிட முடியும் என்ற முறைக்கு அந்த ஆய்வு அடித்தளம் ஆயிற்று.

வெயிலின் கணக்கு

இந்த வரிகள் செய்யும் முதல் வேலை வெளிச்சத்தைப் பிரிப்பது. ஒரு பரப்பின் மேல் விழும் ஒளி, அந்தப் பரப்பு சூரியனை எவ்வளவு நேராகப் பார்க்கிறது என்பதைப் பொறுத்தது. நேராகப் பார்த்தால் முழு ஒளி. 60 பாகை திரும்பியிருந்தால் பாதி ஒளி. 90 பாகையைத் தாண்டினால் நேரடி ஒளியே இல்லை. 18ஆம் நூற்றாண்டில் லாம்பெர்ட் வகுத்த கோசைன் விதி இது.

திருப்பதி வடக்கு அட்சரேகை சுமார் 13.6 பாகையில் இருக்கிறது. மார்கழியில் சூரியன் தெற்கே மிகவும் சாய்ந்திருக்கும் நாளில்கூட நண்பகலில் அது 53 பாகை உயரத்தில் நிற்கும். அந்த நேரத்தில் தெற்குப் பார்த்த சுவரில் ஒரு முப்பட்டைக் குமுதம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதன் மேற்பட்டை வானத்தை நோக்கி 45 பாகை சாய்ந்திருக்கிறது. அது சூரியனை ஏறத்தாழ நேராகப் பார்ப்பதால் நூற்றுக்கு 99 பங்கு ஒளி பெறும். நடுப்பட்டை செங்குத்தானது, அதற்குக் கிடைப்பது 60. கீழ்ப்பட்டை தரையைப் பார்க்கிறது. அதற்கு நேரடி வெயில் இல்லை. ஒரே கல், ஒரே நிறம், ஆனால் மூன்று தெளிவான சாயல்கள். மார்ச் மாதச் சமநாளில் சூரியன் 76 பாகைக்கு ஏறிவிடும். அப்போது கணக்கு 86, 24, 0 என்று மாறும். நடுப்பட்டை மங்கி, மேற்பட்டை மட்டும் ஒளிக்கோடாக நிற்கும்.

உருள்குமுதத்தில் இந்த மாற்றம் படிப்படியாக நடக்காமல் தொடர்ச்சியாக நடக்கிறது. உச்சியில் வெளிச்சம், நடுவில் மங்கல், அடியில் இருட்டு. இடையில் எல்லைக்கோடு எதுவும் இல்லை. அதனால்தான் உருள்குமுதம் கனமாக, திரண்டு, பாரத்தைத் தாங்கி நிற்பதுபோலத் தோன்றுகிறது. முப்பட்டைக் குமுதமோ இறுக்கமாக, கூர்மையாகத் தெரிகிறது. ஒரு தளத்துக்கு எது பொருந்தும் என்ற தேர்வு, அந்தச் சுவர் எந்த உணர்வைத் தர வேண்டும் என்ற தேர்வாகவும் ஆகிவிடுகிறது.

கண்டம் செய்வது இதற்கு நேர்மாறான வேலை. அது நிழலைப் பிடித்து வைக்கிறது. பட்டிகை கண்டத்தைவிட 10 சென்டிமீட்டர் வெளியே நீண்டிருந்தால், தெற்குச் சுவரில் மார்கழி நண்பகலில் அதன் நிழல் சுமார் 13 சென்டிமீட்டர் இறங்கும். மார்ச் நண்பகலில் 40 சென்டிமீட்டரைத் தாண்டும். ஆகவே உள்வாங்கிய அளவே உயரமும் உள்ள கண்டத்துக்குள், அந்தச் சுவரில், ஆண்டின் எந்த நண்பகலிலும் வெயில் புகாது. அதே 10 சென்டிமீட்டர் நீட்டம் ஏதென்ஸில் குளிர்கால நண்பகலில் ஐந்தரை சென்டிமீட்டர் நிழலைத்தான் தரும். லண்டனில் மூன்றுகூட வராது. இங்கிலாந்தின் பழைய தேவாலயங்களில் வரிகளுக்கிடையே மிக ஆழமான குடைவுகளைக் காண்கிறோம். தாழ்ந்த, மங்கலான வெயிலில் இருளை உண்டாக்க ஆழம் தேவை. உச்சி வெயில் காயும் நம் ஊரில் சிறிய நீட்டமே பெரிய நிழலைத் தந்துவிடும்.

கீழ்ப்பட்டை முழு இருளில் மறைவதும் இல்லை. பிராகாரத்தின் கல்தளத்தில் பட்டுத் தெறிக்கும் ஒளி கீழிருந்து மேலே வந்து அதைத் தொடுகிறது. மேலே நேரடி வெயில், கீழே தெறித்த வெளிச்சம், நடுவே நிழல் என்று மூன்று தரப்பட்ட ஒளியும் ஒரு சாண் உயரத்துக்குள் சேர்கின்றன.

இங்கே நம் கண்ணும் ஒரு பங்கு வகிக்கிறது. இரு வேறு சாயல்கள் சந்திக்கும் இடத்தில், வெளிச்சப் பக்கம் இன்னும் வெளிச்சமாகவும் இருட்டுப் பக்கம் இன்னும் இருட்டாகவும் நமக்குத் தோன்றும். 1865இல் எர்ன்ஸ்ட் மாக் இதை விவரித்தார். விழித்திரையில் ஒளியை உணரும் ஒரு பகுதி தன் அண்டைப் பகுதியின் செயலைத் தணிப்பதே அதற்குக் காரணம் என்று பிற்காலத்தில் விளக்கம் கிடைத்தது. குமுதத்துக்கும் கண்டத்துக்கும் நடுவே ஓடும் கம்பு இந்த இயல்பைத்தான் பயன்படுத்துகிறது. 24இல் ஒரே ஒரு பங்கு உயரமுள்ள அந்த மெல்லிய கல், மேலும் கீழும் கூர்மையான எல்லைகளைத் தந்து, தூரத்திலிருந்தும் வரிகளைப் பிரித்துக் காட்டுகிறது. கம்பை எடுத்துவிட்டால் குமுதம் கண்டத்தில் குழம்பிப் போகும்.

வரிகளைப் பார்க்கச் சரியான நேரம் எது என்பதும் இதிலிருந்தே கிடைக்கிறது. காலையில் கிழக்குச் சுவரின்மேல் வெயில் நேராக அடிக்கும்போது அவை தட்டையாகத் தெரியும். வெயில் சுவரை உரசிக்கொண்டு போகும் வேளையில் பாருங்கள். கல்வெட்டு படிப்பவர்களும் அந்தச் சாய்வெயிலுக்குத்தான் காத்திருப்பார்கள்; தேய்ந்த எழுத்தின் பள்ளத்தில் அப்போதுதான் நிழல் விழும்.

உளியின் கணக்கு

கருங்கல் தன் விருப்பப்படி வெட்ட விடாது. அதில் குவார்ட்சும் ஃபெல்ட்ஸ்பாரும் மைக்காவும் பல மில்லிமீட்டர் அளவுள்ள மணிகளாகக் கோத்துக் கிடக்கின்றன. மோஸ் அளவையில் குவார்ட்சின் கடினம் 7. கிரேக்கர் வெட்டிய சலவைக்கல்லின் கால்சைட்டுக்கு 3 மட்டுமே. கூர்மையான விளிம்பை வெட்டப் போனால் ஒரு மணி முழுதாகப் பெயர்ந்து விழும். அதனால் கருங்கல் வரிகள் அகலமானவை, நிதானமானவை. ஹொய்சளர் பயன்படுத்திய மென்மையான கல்லில் காணும் சரிகை போன்ற நுணுக்கம் இங்கே இல்லாததற்குத் திறமைக் குறைவு காரணம் அல்ல. தன் கல் எதைத் தாங்கும் என்று தெரிந்தவர்கள் அந்த எல்லைக்குள் வெட்டியிருக்கிறார்கள். உளியும் சீக்கிரம் மழுங்கும். உலையில் காய்ச்சி, முனை தட்டி, மறுபடியும் தோய்ச்சல் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

உருண்டை வரியை வெட்டும் முறை எளிமையானது. காவி தோய்த்த நூலால் கல்லின்மேல் கோடு அடித்து, முதலில் நீண்ட சதுரக் கட்டையாக்குவார்கள். பிறகு வெளிப்பக்கத்து இரு முனைகளையும் சீவுவார்கள். இப்போது கிடைப்பது எண்கோணத்தின் மூன்று பக்கங்கள். அதாவது முப்பட்டைக் குமுதம். அந்த முனைகளை மேலும் சீவி, பட்டைகளை இரட்டித்து, கடைசியில் தேய்த்தால் உருள்குமுதம் வரும். ஒன்று மற்றொன்றின் முந்தைய படி.

மயமதம் குமுதத்துக்குத் தந்த 7 பங்கை இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும். சதுரத்தை எண்கோணமாக்க ஒவ்வொரு முனையிலும் பக்கத்தின் 0.293 பங்கை வெட்ட வேண்டும். பக்கம் 7 என்றால் வெட்ட வேண்டியது 2.05, நடுவில் எஞ்சுவது 2.9. ஆக 2, 3, 2 என்று குறித்துக்கொண்டால் போதும். பிழை நூற்றுக்கு நான்கு பங்கைத் தாண்டாது. பின்னமோ வர்க்கமூலமோ இல்லாமல், முழு எண்களைக் கொண்டே கோலும் நூலும் எண்கோணத்தைத் தந்துவிடுகின்றன. கட்டடக்களத்தில் நின்று வேலை செய்பவருக்கு இதைவிட வசதியான எண் கிடைப்பது அரிது.

கற்களை அடுக்குவதிலும் வரிகள் உதவுகின்றன. ஜகதி ஒரு கல்வரிசை, குமுதம் ஒரு கல்வரிசை என்று அடுக்கும்போது இணைப்பு வடிவம் மாறும் இடத்தில் வந்து நிற்கும். அங்கே எப்படியும் நிழல்கோடு உண்டு. இணைப்பு அதில் மறைந்துவிடும்.

மழையின் கணக்கு

ஐப்பசியிலும் கார்த்திகையிலும் வடகிழக்குப் பருவமழை இந்த மலையடிவாரத்தை நனைக்கிறது. சுவரில் வழியும் நீர் அடித்தளம்வரை இறங்கினால் இணைப்புகளில் புகும்; மண்ணை நெகிழ்த்தும். சுவரின் மேலே நீண்டு வளைந்து இறங்கும் கபோதம் அதைத் தடுக்கிறது. நீர்த்துளிக்குப் பரப்பைப் பற்றிக்கொள்ளும் இயல்பு உண்டு. விளிம்பைத் தாண்டி அடிப்பக்கத்திலும் ஒட்டிக்கொண்டு சுவரை நோக்கி ஓடும். ஆனால் கபோதத்தின் விளிம்பு அதன் அடிப்பரப்பைவிடக் கீழே தொங்குகிறது. சுவருக்குத் திரும்ப வேண்டுமென்றால் துளி மேலே ஏற வேண்டும். கனம் அதை விடாது. துளி அறுந்து கீழே விழுகிறது. ஐரோப்பியக் கட்டடங்களில் இதே வேலையை விளிம்பின் அடியில் வெட்டிய ஒரு பள்ளம் செய்கிறது. விசயநகரக் கால மண்டபங்களின் இரட்டை வளைவுக் கொடுங்கைகள் நீரைச் சுவரிலிருந்து இன்னும் தள்ளி எறிகின்றன. கீழே விழுந்து தெறிக்கும் சேற்றுநீரைத் தாங்க உபானமும் ஜகதியும் காத்திருக்கின்றன.

கபோதத்தின் வளைவு வந்த வழியும் மழையோடு தொடர்புள்ளது. வளைத்துக் கட்டிய கூரையின் இறவாரத்தைத்தான் கல் பின்பற்றுகிறது. கூடுகள் அந்தக் கூரையில் திறந்த சாளரங்களின் உருவம். கொடுங்கையின் அடியில் கைமரங்களையும் குறுக்குச் சட்டங்களையும் கல்லிலேயே செதுக்கிய இடங்களும் உண்டு. கிரேக்கக் கோயில்களின் மேல்வரியிலும் மரவிட்டத்தின் முனைகளை நினைவூட்டும் கட்டைகள் இருக்கின்றன. இரண்டு மரபுகளும் மரத்தில் கற்றதைக் கல்லில் எழுதின.

மரத்தின் கணக்கு

மரவேலை இன்றும் இந்தப் பகுதியில் உயிரோடு இருக்கிறது. ஏர்ப்பேடு பகுதியின் மாதவமாலா மரச்சிற்பிகளின் ஊர். சேசாசல மலைகளுக்கும் அவற்றை ஒட்டிய மலைகளுக்கும் உரிய செம்மரம், நம் வீட்டுக் கொலுவில் நிற்கும் மரப்பாச்சிகளின் பழைய மரம். அதன் வைரப்பகுதி நீரில் மூழ்கும் அளவுக்கு அடர்த்தியானது. நெருங்கிய இழை கொண்டது. கருங்கல்லில் எண்ணிப் பார்க்க முடியாத மெல்லிய கம்பையும் அதில் இழைத்துவிடலாம். 1995 முதல் அது, அரிய உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தப் பட்டியலில் உள்ளது. வெட்டவும் விற்கவும் கடுமையான கட்டுப்பாடு உண்டு. ஆகவே சிற்பிகள் வேறு மரங்களிலும் வேலை செய்கிறார்கள். எந்த மரமானாலும் தெய்வ உருவத்தின் அடியில் பீடம் வந்தே தீரும். கீழே கவிழ்ந்த தாமரை, நடுவே உள்வாங்கிய கண்டம், மேலே நிமிர்ந்த தாமரை. கோயிலின் தாங்குதளம் அங்கே சில அங்குலங்களில் அடங்கிவிடுகிறது. தேரின் அடுக்குகளிலும் வாகனங்களின் பீடங்களிலும் அதே உறுப்புகளைக் காணலாம்.

மரத்தின் சட்டம் வேறு. கல்லுக்கு மணி என்றால் மரத்துக்கு இழை. இழையின் போக்கில் இழைப்புளி வழுக்கிக்கொண்டு போகும். எதிர்த்துப் போனால் சிம்பு பெயரும். செம்மரத்தின் பின்னிய இழையில் இந்தச் சிக்கல் இன்னும் அதிகம். முன்பெல்லாம் ஒவ்வொரு வரி வடிவத்துக்கும் ஓர் இழைப்புளி வைத்திருந்தார்கள். அதன் இரும்பு, வரியின் எதிர்வடிவமாகத் தீட்டப்பட்டிருக்கும். இன்று அந்த வேலையைச் சுழலும் ரௌட்டர் முனைகள் செய்கின்றன.

மரம் பருவத்தோடு அசையும். மழைக்காலத்தில் குறுக்கே விரியும், கோடையில் சுருங்கும். நீளவாட்டில் மட்டும் ஏறக்குறைய மாறாது. கதவுச் சட்டத்தின் நடுவிலுள்ள பலகை இதனால் இடம் மாறிக்கொண்டே இருக்கும். தச்சர்கள் பீடிங் என்று சொல்லும் வரிக்கட்டை அந்த இடைவெளியை மூடுகிறது. அதைச் சட்டத்தோடு மட்டும் சேர்த்து அடிக்க வேண்டும். பலகையோடும் சேர்த்து ஆணி அடித்தால் பலகை அசைய வழியில்லாமல் வெடிக்கும். மூலையில் 45 பாகைக்கு வெட்டிச் சேர்த்த பீடிங், மரம் சுருங்கும்போது உட்பக்கத்தில் வாய் திறக்கும். நன்றாக உலர்ந்த மரத்தைத் தேடும் தச்சர் இதை அறிந்தவர்.

சந்திரகிரிக் கோட்டையின் ராஜமகாலில் மூன்றாவது வழியைப் பார்க்கலாம். கல்லும் செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்ட கட்டடம் அது. சுதையில் கல்லைப்போலக் குறைத்து வெட்டத் தேவையில்லை. ஈரமாக இருக்கும்போது பூசிக் கூட்டலாம், வடிவம் வெட்டிய தகட்டை இழுத்து நீண்ட வரியைச் சீராக எடுக்கலாம்.

வரிகளைக் காப்பது

இத்தனை அறிவும் உழைப்பும் அடங்கிய பகுதிதான் இன்று கோயில்களில் மிக எளிதாக அழிகிறது. பிராகாரத்துக்குப் புதுத் தரை போடும் ஒவ்வொரு முறையும் மட்டம் உயர்கிறது. முதலில் உபானம் புதைகிறது, அடுத்து ஜகதி. பிறகு குமுதம் தரையில் உட்கார்ந்துவிடுகிறது. விகிதம் கெடுவதோடு, தெறிக்கும் நீரை எதிர்கொள்ளும் உறுப்பும் இல்லாமல் போகிறது. மணல் வீச்சில் கல்லின் மேற்பரப்பு உதிர்ந்து கம்பின் விளிம்புகள் மழுங்குகின்றன. கல்வெட்டின் எழுத்தும் கூடவே போகிறது. கெட்டியான வண்ணப்பூச்சு மூன்று சாயல்களையும் ஒன்றாக்கிவிடுகிறது.

காலமும் தன் பங்குக்கு எடுத்துக்கொள்கிறது. 1516இல் கிருஷ்ணதேவராயர் எழுப்பிய காளத்திக் கோயிலின் ராஜகோபுரம் 2010 மே 26 அன்று இடிந்து விழுந்தது. அந்த இடத்தில் புதிய கோபுரம் எழுந்து 2017இல் குடமுழுக்கும் நடந்துவிட்டது. ஆனால் பழைய கட்டடத்தின் ஒவ்வொரு வரியும் எந்த அளவில், எந்த வளைவில் இருந்தது என்பதற்கு அளந்து வைத்த பதிவைத் தவிர வேறு சாட்சி இருக்க முடியாது.

பதிவு செய்யும் வழக்கம் நமக்குப் புதிதல்ல. 13ஆம் நூற்றாண்டில் யாதவராயர் காலத்தில் திருமலைக் கோயிலில் திருப்பணி நடந்தபோது, பழைய சுவர்களில் இருந்த கல்வெட்டுகளைப் படியெடுத்துப் புதிய சுவரில் மறுபடியும் வெட்டினார்கள். திருமலை, திருப்பதிக் கோயில்களின் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்வெட்டுகளை, பெரும்பாலும் தமிழில் அமைந்தவற்றை, 1930களில் சாது சுப்பிரமணிய சாஸ்திரி முதலியோர் படித்துத் தொகுத்தார்கள். தேவஸ்தானம் அவற்றை நூல்களாக வெளியிட்டது. எழுத்துக்குக் கொடுத்த அந்த மதிப்பை எழுத்தைத் தாங்கிய வரிக்கும் கொடுக்க வேண்டும்.

அதற்குப் பெரிய செலவு இல்லை. தனித்தனியே நகரும் கம்பிகளை வரிசையாகக் கோத்த ஒரு சட்டத்தைக் கல்லின்மேல் அழுத்தினால், வரியின் வெட்டுமுகம் அப்படியே அதில் பதியும். தாளில் வைத்துக் கோடு இழுத்துவிடலாம். ஒன்றன்மேல் ஒன்று படியும்படி எடுத்த படங்களைக் கணினியில் சேர்த்து முப்பரிமாண உருவம் எடுக்கும் முறையை இன்று கல்லூரி மாணவர்களே செய்கிறார்கள். திருப்பதியில் தேவஸ்தானம் நடத்தும் சிற்பப் பயிற்சி நிறுவனத்திலும், 1957 முதல் இயங்கும் மாமல்லபுரம் சிற்பக் கல்லூரியிலும் இந்த உறுப்புகளை அளந்து வரையக் கற்றவர்கள் ஆண்டுதோறும் வெளிவருகிறார்கள். ஒவ்வொரு திருப்பணிக்கும் முன்பு தாங்குதளத்தின் நான்கு பக்கங்களையும் அளந்து வரைந்து ஊரில் ஒரு படியும் அலுவலகத்தில் ஒரு படியும் வைப்பது கட்டாயம் ஆக வேண்டும். தரை மட்டத்தை உயர்த்தும் எந்த வேலையும் உபானத்தின் அடிக்கோட்டைத் தாண்டக் கூடாது. இந்த இரண்டு விதிகள் போதும். அடுத்த ஆயிரம் ஆண்டுகளுக்குக் கல் நிலைக்கும் என்று எவராலும் உறுதி சொல்ல முடியாது. ஆனால் அளவு கையில் இருந்தால், விழுந்த வரியை அதே விகிதத்தில் மறுபடியும் வெட்டத் தெரிந்த கைகள் நம்மிடம் இன்னும் இருக்கின்றன.